அடக்கியது போதும்!



இன்று எழுதப்போகும் பொருளைக் கண்டதும் சிலர் முகம் சுளிக்கக்கூடும். 'இலக்கணம் எழுதலாம், தமிழ்ப்பள்ளிகளின் சிக்கல்களை எழுதலாம், மாணவர் எண்ணிக்கை குறைவதைப் பற்றி எழுதலாம். போயும் போயும் சிறுநீரைப் பற்றியா ஓர் ஆசிரியர் எழுதுவது?' என்று கேட்கக்கூடும். தாராளமாகக் கேட்கட்டும். இந்த முகச்சுளிப்பினால் நல்லாசிரியை ஒருவர் தம் பணியையே துறந்ததை அருகிலிருந்து கண்டவன் நான். ஆகவே எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

அவர் எங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியை. எங்களுக்கெல்லாம் அக்கா. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதில் அவருக்கு நிகர் அவரேதான். 'ழ'கரம் நாவில் ஏறாத பிள்ளையை அருகில் நிறுத்தி, சலிப்பில்லாமல் நூறு முறை சொல்லிக் கொடுப்பார். ஐம்பது அகவையை எட்டியபோது அவரிடம் சில மாற்றங்களைக் கண்டோம். ஆசிரியர் கூட்டத்தில் எப்போதும் கதவோரம் அமர்ந்தார். கல்விச் சுற்றுலாவுக்கு வர மறுத்தார். விளையாட்டுப் போட்டி நாளில் விடுப்பு எடுத்தார். பள்ளியில் ஒரு மிடறு நீரும் அருந்துவதில்லை. உடுத்துவதெல்லாம் கருநிறச் சேலைகள். பாடவேளை முடிந்து மணி அடித்தால் மாணவருக்கு முன்னே அவர் ஓடினார்.

நாங்கள் என்ன செய்தோம்? பேசினோம். 'அக்காவுக்கு முன்புபோல் ஈடுபாடு இல்லை' என்றோம். 'வகுப்பை விட்டுவிட்டு அடிக்கடி வெளியே போகிறார்' என்று மேலிடத்தில் ஒருவர் குறையும் சொன்னார். 'உடம்புக்கு என்ன அக்கா?' என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். நான்கு ஆண்டுகள் அந்தத் துன்பத்தைத் தனியே சுமந்துவிட்டு, விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு போய்விட்டார்.

ஓய்வுக்குப் பிறகுதான் மகளின் வற்புறுத்தலால் மருத்துவரைக் கண்டார். முதலில் பார்த்த கிளினிக்கில், 'வயது ஆகிறதல்லவா, அப்படித்தான்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மகள் விடவில்லை. சிறுநீரியல் வல்லுநரிடம் அழைத்துச் சென்றார். 'மிகைச்செயல் சிறுநீர்ப்பை' என்று நோய்க்குப் பெயர் சொன்னார்கள். பயிற்சி கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். அவை போதாமையால், சிறுநீர்ப்பைத் தசையில் போட்டுலினம் நச்சு ஊசி போட்டார்கள். இரண்டு வாரங்களில் நிலைமை மாறியது. அடுத்த பள்ளி விடுமுறையில் மகளோடு பினாங்குக்குப் பேருந்தில் போய் வந்தாராம். அதை என்னிடம் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. பேருந்தில் ஏறியது ஒரு சாதனையா என்று நினைப்பவர்கள், அந்த நான்கு ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். பெயரைச் சொல்லாமல் எழுதிக்கொள்ள அவரே இசைவு தந்தார்.

இந்தச் செய்தி ஆசிரியர் அறைக்கு எட்டிய அன்று காதில் விழுந்த மூன்று கூற்றுகளை அப்படியே தருகிறேன்.

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே? அடக்கப் பழகிக்கணும்."

"அது நஞ்சாச்சே! யாராவது காசு கொடுத்து நஞ்சை உடம்புல ஏத்திப்பாங்களா?"

"போடாக்ஸா? நடிகைங்க மூஞ்சியில போடுறதுதானே அது?"

மூன்றாவது கூற்றுக்கு அறையே சிரித்தது. படித்தவர்கள் நிறைந்த அறை அது! அந்த மூன்றுக்கும் விடை சொல்லவே இக்கட்டுரை.

வயதானால் வருவதா?

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். சிறுநீர்ப்பை என்பது தசையாலான பை. வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். அது நிரம்பும்வரை தசை தளர்ந்திருக்க வேண்டும். நாம் கழிப்பறைக்குச் சென்று அமர்ந்த பிறகே அது சுருங்க வேண்டும். மிகைச்செயல் சிறுநீர்ப்பையில் இந்த ஒழுங்கு கெடுகிறது. பை நிரம்புவதற்கு முன்பே தசை தானாகச் சுருங்கப் பார்க்கிறது. திடீரென்று, தள்ளிப்போட முடியாத உந்துதல் எழுகிறது. சிலருக்குக் கழிப்பறைக் கதவைத் தொடுவதற்குள் கசிந்துவிடுகிறது. பகலில் பலமுறை போக வேண்டும். இரவிலும் எழ வேண்டும். 2002-ஆம் ஆண்டில் அனைத்துலகச் சிறுநீர் அடக்கக் கழகம் இந்நோய்க்கு வரையறை வகுத்தபோது, அந்தத் திடீர் உந்துதலையே தலையாய அறிகுறியாக வைத்தது.

இப்போது சொல்லுங்கள். தானாகச் சுருங்கும் தசையிடம் 'அடக்கு' என்று சொல்லி என்ன பயன்? வலிப்பு வந்தவனிடம் 'கையை ஆட்டாதே' என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அகவை ஏற ஏற இந்நோய் மிகுதியாகக் காணப்படுவது உண்மையே. கண்புரையும் அகவை ஏற ஏறத்தான் வருகிறது. அதற்காகக் கண்புரை வந்த தாத்தாவை 'இருட்டில் இருக்கப் பழகிக்கொள்ளுங்கள்' என்றா சொல்கிறோம்? அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துப் போகிறோம். கண்ணுக்கு ஒரு நீதி, சிறுநீர்ப்பைக்கு ஒரு நீதியா?

இது கிழவிகளின் நோய் என்பதும் பிழை. கனடா, ஜெர்மனி, இத்தாலி, சுவீடன், பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளில் 18 அகவைக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட பெரிய ஆய்வொன்றில், நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேருக்கு இந்த அறிகுறிகள் இருந்தன. ஆண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேர். பெண்களில் 13 பேர். அந்தக் கணக்கு நமக்கும் பொருந்துமானால், முப்பது பேர் அமரும் ஆசிரியர் அறையில் மூன்று நான்கு பேர் வாய் திறவாமல் இருக்கிறார்கள். அன்று சிரித்தவர்களுள்ளும் ஒருவர் இருந்திருக்கலாம். தம்மை மறைத்துக்கொள்வதற்காகவே உரக்கச் சிரித்திருக்கலாம்.

நம்மவர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. அடிக்கடி சிறுநீர் போவது எல்லாமே இந்நோய் ஆகாது. சிறுநீர்த்தொற்று, கல், ஆண்களுக்குச் சுரப்பி வீக்கம் எனப் பல காரணங்கள் இருக்கலாம். நீரிழிவும் இருக்கலாம். மலேசியாவில் 2019-இல் நடத்தப்பட்ட தேசிய உடல்நல ஆய்வில் நீரிழிவு விழுக்காடு இந்தியர்களிடையேதான் மிக அதிகமாக இருந்தது. 'வயசு ஆச்சு' என்று வாயை மூடிக்கொண்டால், சிறுநீர்ப்பை நோயோடு நீரிழிவும் மறைந்தே வளரும். சிறுநீரில் குருதி கண்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

நஞ்சை ஏற்றிக்கொள்வதா?

ஆம், நஞ்சுதான். மறைக்கவில்லை. மனிதர் அறிந்த நஞ்சுகளுள் மிகக் கொடியவற்றில் ஒன்று. கெட்டுப்போன இறைச்சி உணவால் மக்கள் முடங்கி இறந்ததை 1820-களிலேயே ஜெர்மானிய மருத்துவர் யூசுட்டினசு கெர்னர் ஆராய்ந்து எழுதினார். இந்த நஞ்சு ஒருநாள் மருந்தாகவும் உதவலாம் என்று அப்போதே அவர் கருதினார் என்பது வியப்புக்குரியது. 1895-இல் பெல்சியத்தின் எல்லசெல் என்னும் சிற்றூரில், இறப்புச் சடங்கொன்றில் பன்றித்தொடை இறைச்சி உண்ட இசைக்குழுவினர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். அதை ஆய்ந்த எமில் வான் எர்மெங்கம் அந்த நுண்ணுயிரியைப் பிரித்தறிந்தார்.

அந்த நஞ்சு செய்யும் வேலை என்ன? நரம்பின் நுனியிலிருந்து தசைக்குச் செல்லும் 'சுருங்கு' என்ற கட்டளையை வேதிப்பொருள் ஒன்று சுமந்து செல்கிறது. அசிட்டைல்கோலின் என்பது அதன் பெயர். அந்தப் பொருள் நரம்பு நுனியை விட்டு வெளிவராதபடி இந்த நஞ்சு தடுத்துவிடுகிறது. கட்டளை வராததால் தசை தளர்கிறது. உடல் முழுதும் பரவினால் மூச்சுத் தசையும் தளர்ந்து உயிர் போகும். மிகச் சிறிய அளவில், துடிக்கின்ற ஒரு தசைக்குள் மட்டும் செலுத்தினால் அந்தத் துடிப்பு அடங்கும். கொல்வதற்கும் காப்பதற்கும் இடையில் நிற்பவை அளவும் இடமும்தான்.

இதைப் புரிந்துகொள்வதற்குத் தமிழர்களுக்கு என்ன தயக்கம்? சேங்கொட்டையும் எட்டியும் நஞ்சுகளே. அவற்றைச் சுத்தி செய்து, அளவறிந்து மருந்தாக்கியது நம் சித்த மருத்துவம். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இரத்த அழுத்தத்துக்காக உட்கொள்ளும் ஒரு மாத்திரை வகை, பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது. பாம்பு நஞ்சின் வழிவந்த மாத்திரையைக் காலையில் விழுங்கிவிட்டு, 'ஐயையோ, ஊசியில் நஞ்சு' என்று அலறுவது எந்த அறிவில் சேர்த்தி?

சிறுநீர்ப்பையில் இதை எப்படிப் போடுகிறார்கள் என்பதையும் சொல்கிறேன். தெரியாததனால்தான் அச்சம் வளர்கிறது. முதலில் சிறுநீரைச் சோதித்துத் தொற்று இல்லை என்று உறுதி செய்கிறார்கள். மரத்துப்போகும் மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துகிறார்கள். பின்னர், சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய அகநோக்குக் குழாயை நுழைத்து, பையின் உட்சுவரைப் பார்த்தபடி சிறுசிறு ஊசிகளாகப் போடுகிறார்கள். வழக்கமான அளவு 100 அலகு. அதை 20 இடங்களில் பகிர்ந்து செலுத்துவார்கள். வயிற்றைக் கீறுவதில்லை. பெரும்பாலானோர் அன்றே வீடு திரும்புகிறார்கள்.

நடிகைகளுக்கு உரியதா?

மூன்றாம் கூற்றுக்கு வருகிறேன். இதற்குத்தான் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் ஆண்டுகளைப் பாருங்கள். அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் சுகாட்டு மாறுகண்ணைச் சரிசெய்வதற்காகவே இந்த நஞ்சை மருந்தாக்க முனைந்தார். 1989-இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் முதன்முதலாக இசைவளித்தது மாறுகண்ணுக்கும், இமைகள் தாமே இறுக மூடிக்கொள்ளும் நோய்க்கும்தான். புருவ இடைச் சுருக்கத்துக்கு இசைவு கிடைத்தது 2002-இல். அதாவது 13 ஆண்டுகள் கழித்து! ஆக, நோயாளிகளின் மருந்தை இடையில் வந்து எடுத்துக்கொண்டவர்கள் அழகுக்கலையினர். நாமோ உரிமையாளனைத் திருடன் என்று நகைக்கிறோம்.

முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களின் சிறுநீர்ப்பையில் இந்த ஊசியைப் போட்டுப் பயன் கண்டதைச் சுவிட்சர்லாந்தின் பிரிகிட்டே சூர்க்கும் அவருடைய குழுவினரும் 2000-இல் வெளியிட்டனர். நரம்புக் கோளாற்றால் வரும் கசிவுக்கு 2011-இலும், அத்தகைய கோளாறு இல்லாத மிகைச்செயல் சிறுநீர்ப்பைக்கு 2013-இலும் அமெரிக்காவில் இசைவு கிடைத்தது. நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு 2010-லேயே கிடைத்துவிட்டது. மூளை முடக்குவாதத்தால் கால் தசை இறுகிய பிள்ளைகளுக்கும் இதே ஊசியைப் போடுகிறார்கள். சிறப்புக் கல்வி வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர்கள் அத்தகைய பிள்ளைகளைக் கண்டிருக்கக்கூடும். அந்தப் பிள்ளையைப் பார்த்தும் 'நடிகையின் ஊசி' என்று சிரிப்போமா?

நானும் கண்மூடித்தனமாகப் புகழவில்லை

மருந்து விற்பவன் அல்லன் நான். ஆகவே மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

மாத்திரையால் போதிய பயன் பெறாத 557 பேரிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு ஐந்து முறை அளவில் கசிந்தவர்களுக்கு, ஊசிக்குப் பின் 12-ஆம் வாரத்தில் சராசரியாக 2.65 முறை குறைந்தது. வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் குறைந்தது 0.87 முறை. கசிவே இல்லாமல் போனவர்கள் ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு 23 பேர். வெற்று ஊசியில் 6 அல்லது 7 பேர். எனவே பயன் மெய், மந்திரம் அன்று. நூற்றில் ஐந்தாறு பேருக்குச் சிறுநீரை முழுமையாக வெளியேற்ற முடியாமல் போகலாம். அவர்கள் சில காலம் மெல்லிய குழாயைத் தாமே செலுத்தி வெளியேற்ற வேண்டியிருக்கும். ஊசிக்கு ஒப்புக்கொள்ளுமுன் இதற்கு மனம் இசைகிறதா என்று கேட்டுக்கொள்வது இன்றியமையாதது. சிறுநீர்த்தொற்றும் வரலாம், எங்கள் அக்காவுக்கு முதல் முறை வந்தது. மருந்தின் வேலை பல மாதங்களில் தேய்ந்துவிடும். மீண்டும் போட வேண்டும். 12 வாரங்களுக்குள் மறுமுறை போடுவதில்லை. நச்சு ஊசி போட்ட இடத்தைத் தாண்டிப் பரவும் அரிய வாய்ப்பைப் பற்றி 2009 முதல் அமெரிக்காவில் மருந்துக் குறிப்பிலேயே கட்டமிட்ட கடும் எச்சரிக்கை உண்டு. தசை நலிவு நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் அதை மறைக்கவே கூடாது. இருமினால், தும்மினால் மட்டும் கசிகிறது என்பவர்களின் நோய் வேறு. அதற்கு இந்த ஊசி மருந்தன்று.

ஊசிக்கு முன்னரே செய்யத்தக்கவையும் பல. கோப்பியும் தேநீரும் குறைப்பது, மலச்சிக்கலைப் போக்குவது, இடுப்படித் தசைப் பயிற்சி, மருத்துவர் வழிகாட்டச் சிறுநீர் கழிக்கும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டுவது ஆகியவை செலவில்லாதவை. பிறகு மாத்திரைகள். பழைய வகை மாத்திரைகள் வாயை உலர்த்திவிடும். நாள் முழுதும் பேசிப் பிழைக்கும் ஆசிரியருக்கு அது தனிக் கொடுமை. மலச்சிக்கலும் தரும்; நெடுநாள் உட்கொள்ளும் முதியவர்களுக்கு நினைவாற்றல் குறையுமோ என்ற ஐயமும் உண்டு. 2012-இல் அமெரிக்காவில் இசைவு பெற்ற மிராபெக்ரான் வேறு வகையில் வேலை செய்கிறது. அதற்கு இரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். எல்லாப் படிகளையும் வரிசையாக ஏறிய பின்னரே ஊசி என்ற பழைய கட்டுப்பாட்டையும் அமெரிக்கச் சிறுநீரியல் கழகத்தின் 2024 வழிகாட்டி தளர்த்திவிட்டது. நோயாளியும் மருத்துவரும் கலந்து பேசி முடிவு செய்யட்டும் என்கிறது.

நான் கேட்பது அதுதான். ஊசி வேண்டுமா, வேண்டாமா என்பதை நோயாளியும் மருத்துவரும் முடிவு செய்யட்டும். ஆசிரியர் அறையின் ஏளனம் முடிவு செய்ய வேண்டாம்.

அடக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்?

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். இங்கே குற்றவாளிக் கூண்டில் நானே நிற்கிறேன்.

பணியில் சேர்ந்த தொடக்கக் காலம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி பாட நடுவில் எழுந்து, "ஐயா, வெளியே போகலாமா?" என்றாள். ஓய்வு நேரம் முடிந்து கால் மணிநேரம்கூட ஆகவில்லை. "இப்பதானே போயிட்டு வந்தே? உட்காரு!" என்றேன். உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் அவள் நாற்காலியின் கீழே ஈரம். பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். அவள் அழவில்லை. மேசையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவள் என்னிடம் எதற்குமே கை உயர்த்தவில்லை. விடை தெரிந்தபோதும் உயர்த்தவில்லை. ஒரு சொல்லால் ஒரு பிள்ளையின் வாயை மூடிவிட்டேன். இன்று நான் அறிந்ததை அன்று அறிந்திருந்தால் அவளுடைய பெற்றோரை அழைத்துப் பேசியிருப்பேன்.

பிள்ளைகளுக்கும் மிகைச்செயல் சிறுநீர்ப்பை உண்டு. கால்களைப் பின்னிக்கொள்வதும், குதிகாலை மடித்து அதன்மேல் அமர்வதும், நின்ற இடத்தில் நெளிவதும் அடங்காத்தனம் அல்ல. வரும் உந்துதலைத் தடுக்கப் பிள்ளை நடத்தும் போராட்டம். மலச்சிக்கலும், நீண்ட நேரம் அடக்கும் பழக்கமும் பிள்ளைகளின் சிறுநீர்ப்பைக் கோளாறுகளை வளர்ப்பவை. 'தண்ணீர் குடித்தால்தானே கேட்பாய்' என்று நீரைக் குறைத்தால் இரண்டும் கூடும். படுக்கையில் நனைப்பதும் சோம்பலால் வருவதன்று. ஏழு அகவையிலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பிள்ளைகளுக்கு அது இருக்கிறது. அதற்காகப் பிள்ளையை அடிக்கும் பெற்றோர், இருமும் பிள்ளையையும் அடிப்பார்களா?

பெற்றோர்கள் அஞ்ச வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஊசி தேவையே இல்லை. போதிய நீர், நேரந்தவறாமல் கழிப்பறை, மலச்சிக்கலுக்கு மருத்துவம், பொறுமை ஆகியவற்றாலேயே பலர் தேறுகிறார்கள். முதுகுத்தண்டு பிளவோடு பிறந்த பிள்ளைகள்போல் நரம்புக் காரணம் உடையவர்களுக்கு மட்டும், மாத்திரை உதவாதபோது இந்த ஊசி வழி திறக்கிறது. ஐந்து அகவையிலிருந்து போடலாம் என 2021-இல் அமெரிக்காவில் இசைவளித்தார்கள். அத்தகைய பிள்ளைகளுள் பலர் பள்ளி நேரத்திலும் குழாய்வழிச் சிறுநீர் வெளியேற்ற வேண்டும். அதற்குத் தாழ்ப்பாள் உள்ள, நீர் வரும், தூய்மையான ஓர் அறை வேண்டும். நம் பள்ளியில் அது உண்டா? 2023-இல் அரசு நாடு முழுவதும் பள்ளிக் கழிப்பறைகளைச் செப்பனிடும் பணியை முன்னெடுத்தது, நல்ல செயல். ஆனால் புதிய ஓடு பதித்த கழிப்பறைக்குப் போகப் பிள்ளைக்கு இசைவு இல்லையென்றால் அந்த ஓட்டை யார் பார்ப்பது?

'எல்லாரையும் விட்டால் வகுப்பு காலியாகிவிடுமே' என்பார்கள் சிலர். ஏமாற்றும் பிள்ளை இருக்கத்தான் செய்வான். பத்துப் பேர் ஏமாற்றிவிட்டு ஐந்து நிமிடம் உலாவுவதால் வரும் இழப்பு, ஒரு பிள்ளை முப்பது பேர் நடுவில் நனைந்து நிற்பதால் வரும் இழப்பைவிடச் சிறிது. அடிக்கடி கேட்கும் பிள்ளை ஏமாற்றுகிறான் என்றால் ஏன் பாடத்திலிருந்து தப்பப் பார்க்கிறான் என்று ஆராயலாம்; ஏமாற்றவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்பலாம். இரண்டுமே ஆசிரியரின் கடமைதான்.

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது என்று நம் பாட்டிகள் சொன்னார்கள். அடக்கக்கூடாத வேகங்கள் பதினான்கு என்று எண்ணி, அவற்றுள் சிறுநீரையும் வைத்தது சித்த மருத்துவம். மருந்துக்கென்று தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். இத்தனை அறிவையும் பாடமாக நடத்திவிட்டு, வகுப்பில் 'அடக்கு' என்கிறோம். அன்று வாயடைத்து அமர்ந்த சிறுமிதான் நாளை ஆசிரியையாகி, நான்கு ஆண்டுகள் கருநிறச் சேலைக்குள் ஒளிந்துகொள்கிறாள். இது உடம்பில் தொடங்கிய நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்த வெட்கம் நாம் ஊட்டியது.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை:

1. கழிப்பறைக்குப் போகக் கேட்கும் பிள்ளைக்கு மறுப்புச் சொல்லாதீர்கள். காரணத்தைப் பிறகு தனியே கேளுங்கள்.

2. அடிக்கடி நனைக்கும் பிள்ளையைப் பற்றிப் பெற்றோரிடம் தனியறையில் சொல்லுங்கள். பள்ளி வாயிலில் நின்று சொல்லாதீர்கள். மாற்றுடை ஒன்று பள்ளியில் இருக்கட்டும்.

3. ஓர் ஆசிரியர் அவசரமாக வெளியே போக நேர்ந்தால் பக்கத்து வகுப்பாசிரியர் கவனித்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தலைமையாசிரியர்கள் வகுக்க வேண்டும். அடுக்கடுக்கான பாடவேளைகளால் நீரே அருந்தாத ஆசிரியர்கள் நம்மிடையே ஏராளம்.

4. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கொரு முறையேனும் மருத்துவரையோ தாதியரையோ அழைத்து இதைப் பற்றித் தமிழில் பேசச் சொல்லட்டும்.

5. கசிவால் துன்புறும் அன்னையரே, ஆசிரியைகளே, ஆடவர்களே! மூன்று நாள்களுக்கு எப்போது போனீர்கள், எவ்வளவு அருந்தினீர்கள், எப்போது கசிந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு மருத்துவரைக் காணுங்கள். 'வயது' என்று சொல்லி அனுப்பினால் இன்னொரு மருத்துவரிடம் போங்கள். தனியார் மருத்துவமனை என்றால் செலவை முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

அண்மையில் அக்காவை ஒரு திருமணத்தில் சந்தித்தேன். மண்டபத்தின் நடுவரிசையில், பட்டுச் சேலையில் அமர்ந்திருந்தார். மஞ்சள் பட்டு. "இன்னும் ஆறு வருஷம் முதலாம் ஆண்டு எடுத்திருப்பேன் தம்பி" என்றார். ஆறு ஆண்டுகள், ஆண்டுக்கு இருபத்தைந்து பிள்ளைகள் என்றாலும் நூற்றைம்பது பிள்ளைகள் அவரிடம் 'அ'கரம் கற்காமலே போனார்கள். ஓர் ஊசியைப் பற்றிப் பேச நமக்கிருந்த கூச்சத்தின் விலை அது.

இனியாவது பேசுவோம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்